கழண்டதா, கழட்டினதா

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம். வழக்கத்துக்காகச் சும்மா எழுதுகிற நலம் இல்லை இது, நான் நலமாகத்தான் இருக்கிறேன் என்று ஒரு டாக்டரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார், அதன் நகலை இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமா, பேத்திக்கு இருமல் நின்றதா, உன் முதுகுவலிக்குச் சொன்ன பயிற்சியைச் செய்கிறாயா இல்லை வழக்கம்போல நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுகிறாயா. போனில் சொல்ல வேண்டியதை ஏன் கடிதமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் நீ சரிம்மா சரிம்மா என்பாய். அதற்குச் சீக்கிரம் முடி என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்கிறாய். காகிதத்தில் நீ சரிம்மா போட இடம் கிடையாது. அதனால் வேலை ஏதாவது இருந்தால் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து முழுக்கப் படி. உன் சித்தப்பாவை நான் நன்றாகப் பழிவாங்கிவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் பாதிச் சந்தோஷம்தான், மீதி உன்னிடம் பாக்கி இருக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். அப்பா போன பிறகு நீங்க தனியா இருக்க வேண்டாம் அண்ணி என்று சொல்லி உன் சித்தப்பாவும் சித்தியும் முன்பக்கத்து அறைகளில் வந்து தங்கினார்களே, அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, துணைக்கு ஆள் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். இந்த வெயில் காலத்துத் தொடக்கத்தில் சித்தப்பாவுக்கு ஓர் ஆசை வந்தது. வாசல் வராந்தாவைக் கண்ணாடி போட்டு அடைத்து, பெரிய திரை மாட்டி, சினிமா ரூம் ஆக்க வேண்டுமாம். சரி, அவர் ஆசை அவருக்கு என்று விட்டுவிட்டேன். கண்ணாடி வந்தது, திரை வந்தது, சென்ட்ரல் ஏசி மெக்கானிக்கும் வந்தார். வீட்டுக்குள்ளேயும் தலையிலிருந்து தொப்பியை எடுக்காத ஆள், அதனால் தொப்பிக்காரர் என்றே வைத்துக்கொள். அன்றைக்கு நான் கண் ஆஸ்பத்திரியில் இருந்தேன், திரும்பி வரும்போது அவர் சீலிங்குக்கு மேலேயிருந்து தூசியும் சிரிப்புமாக இறங்கிக்கொண்டிருந்தார். சினிமா ரூமில் ஜில்லென்று காற்று. மறுநாளிலிருந்து என் அறையில் புழுக்கம். சாதாரணப் புழுக்கம் இல்லை வாலு. ஏசியை நிறுத்தினால் பரவாயில்லை, ஏசியைப் போட்டால்தான் சூடு. என் கட்டிலுக்கு நேர் மேலே காற்று வருகிற கிரில் இருக்கிறதே, அதிலிருந்து அடுப்படிச் சூடு இறங்கும். போட்டால் சூடு, நிறுத்தினால் குறையும். இதைத்தான் நான் எல்லோரிடமும் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். சித்தி, அக்கா உங்களுக்கு உடம்புச் சூடு, இளநீர் குடிங்க என்றாள். சித்தப்பா தொப்பிக்காரரைக் கூப்பிட்டார். அந்த மனுஷர் கூடத்தில் நின்றுகொண்டு கையை மேலே தூக்கிப் பார்த்தார், ஜில்லுனு வருதே என்றார். கொல்லைப்பக்கம் போய் வெளியே இருக்கிற மெஷினை எட்டிப் பார்த்தார், ஓடுதே என்றார். சித்தப்பா கொடுத்த டீயைக் குடித்தார், போய்விட்டார். என் அறைப் பக்கம் தலை வைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை வந்தார், அதே கை, அதே டீ, அதே ஓடுதே. ஓடுவது வேறு, வேலை செய்வது வேறு. உன் சித்தப்பாவும்தான் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடிக்கொண்டே இருக்கிறார். நான் விடவில்லை, எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். காற்றை உள்ளே இழுக்கிற இடத்தில் இருக்கிற ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், பழைய கம்பளி மாதிரி தூசி, கழுவிக் காய வைத்து மாட்டினேன். வெளி மெஷினைச் சுற்றி மண்டிக் கிடந்த செடியை வெட்டினேன். சித்தி பதினெட்டில் வைத்தால்தான் சீக்கிரம் குளிரும் என்று தெர்மோஸ்டாட்டைக் குறைத்துக்கொண்டே இருப்பாள், அது பதினெட்டிலும் அதே வேகத்தில்தான் குளிரும், இருபத்து நாலிலும் அதே வேகத்தில்தான் குளிரும் என்று பலமுறை சொல்லி இருபத்து நாலுக்கு ஏற்றினேன். வீடு முழுக்க நன்றாகக் குளிர்ந்தது, என் அறை மட்டும் வெந்தது. உனக்குப் போன் செய்தேன். ஏசி போட்டா எப்படிம்மா சூடாகும், நீயே யோசிச்சுப் பாரேன் என்றாய். உன் குரலில் கோபம்கூட இல்லை. பேத்திக்குச் சொல்லிக் கொடுப்பாயே, அந்தக் குரல். அன்றைக்கு மத்தியானம் ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பாத்ரூம் தரையில் உட்கார்ந்திருந்தேன். பயந்தேன்டி. முப்பத்தோரு வருஷம் வார்டு சிஸ்டராக இருந்தவள், எத்தனை பேர் புத்தி தடுமாறுவதைக் கட்டில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கும் தனக்குத் தடுமாறுகிறது என்று தெரிந்ததில்லை. எனக்கும் அப்படித்தானோ.

மறுநாள் காலையில் பழைய கைப்பையிலிருந்து காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை எடுத்து நாற்காலி மேல் ஏறி கிரில்லில் வைத்தேன். வைத்தது வேறு எதற்கும் இல்லை, என் புத்தியைச் சோதிக்கத்தான். அந்தச் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் தொண்ணூறு டிகிரிக்குக் கீழே எண்ணே காட்டாது, லோ என்று மட்டும் எழுதும், மனுஷ உடம்புக்குச் செய்தது அல்லவா. நல்ல ஏசிக் காற்று அறுபது எழுபதுதான் இருக்கும். லோ என்று வந்தால் சூடு என் மண்டைக்குள், நானே ஒரு நல்ல டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துதான் ஏறினேன். அந்தச் சமயம் பார்த்து உன் சித்தப்பா உள்ளே வந்துவிட்டார். அண்ணி ஏசிக்குக் காய்ச்சல் பாக்குறாங்க என்று சிரித்துக்கொண்டே போனில் படம் பிடித்தார். பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டார். எனக்கு ஏசி டாக்டர் என்று பட்டம் வந்தது. இருபத்து மூன்று பேர் சிரித்தார்கள், அதில் கண்ணில் நீர் வழியச் சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்று உன்னுடையது. அதை நான் பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் எல்லோரும் அந்தப் படத்தை எத்தனை தரம் பார்த்தீர்களோ, என் கையில் இருந்த தெர்மாமீட்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தர் பார்க்கவில்லை. இப்போதும் அந்தப் படம் உன் போனில் இருக்கும், எடுத்துப் பார். நூற்று மூன்று. கூடத்துக் கிரில்லில் வைத்தேன், லோ. சமையலறையில் வைத்தேன், லோ. என் அறையில் திரும்ப வைத்தேன், நூற்று மூன்று. ஏசிக்கு நிஜமாகவே காய்ச்சல். அந்த நிமிஷத்தில் பயம் போய்விட்டது, அது இருந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது. இவர்களை விடக் கூடாது என்று கறுவிக்கொண்டேன்.

பழக்கம் விடுமா, சார்ட் போட ஆரம்பித்தேன். காலை ஆறு, பத்து, மத்தியானம் இரண்டு, சாயங்காலம் ஆறு. ஏசி ஓடும்போது எவ்வளவு, நின்ற பிறகு எவ்வளவு, கூடத்தில் எவ்வளவு. வார்டில் நோயாளியின் கட்டில் காலில் மாட்டுவோமே, அதே மாதிரி கோடு போட்டு என் கட்டில் காலில் மாட்டினேன். ஒன்பது நாள். அதையும் உன் சித்தப்பா படம் பிடித்து அனுப்பியிருக்கிறார், உனக்கும், ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு முதியோர் இல்லத்துக்கும். அண்ணிக்கு மரை கழண்டிருச்சு, சுவருக்கும் சீலிங்குக்கும் காய்ச்சல் சார்ட் எழுதுறாங்க என்று கடிதமும் எழுதியிருக்கிறார். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மாத்திரைச் சீட்டை நகல் எடுக்கலாம் என்று பிரிண்டரைத் திறந்தேன், தட்டில் அவர் எழுதிய அந்தக் கடிதத்தின் பிரதியும் அதற்கு அடியில் அந்த இல்லத்துப் படிவமும் கிடந்தன. என் பெயர் மேலே. உன் கையெழுத்து கீழே. இல்லத்து டாக்டர் ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்து என்னைச் சோதிப்பார் என்று ஓரத்தில் சித்தப்பாவின் எழுத்து. அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். ஒரு நகல் மட்டும் எடுத்துக்கொண்டேன். அழவில்லை. நீ கேட்பாய் என்று சொல்கிறேன், அழவே இல்லை, சமையலறையில் போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன், கடைத்தெருச் சுவரில் ஒட்டியிருந்த வேறொரு ஏசி மெக்கானிக்கின் நம்பருக்குப் போன் செய்தேன்.

வெள்ளிக்கிழமை சித்தப்பாவும் சித்தியும் சினிமா ரூமுக்குத் திரைச்சீலை வாங்கப் போயிருந்த நேரத்தில் வந்தாள். பெண் மெக்கானிக், நாற்பது வயது இருக்கும், ஏணியைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு வந்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு முதல் கேள்வியாக என்ன கேட்டாள் தெரியுமா. எப்போம்மா சூடாகுது, ஓடும்போதா, நின்னதுக்கு அப்புறமா என்று கேட்டாள். இரண்டு மாதத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மனுஷி அவள்தான். ஓடும்போது என்றேன். அவள் சிரிக்கவில்லை, ஓஹோ என்றாள், அந்த ஓஹோவுக்கே அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஏசியைப் போட்டுப் பதினைந்து நிமிஷம் பொறுத்திருக்கச் சொன்னாள், உடனே பார்த்தால் தப்பாகக் காட்டுமாம். பிறகு கூடத்தில் காற்றை உள்ளே இழுக்கிற இடத்தில் ஒரு மீட்டர், காற்று வெளியே வருகிற கிரில்லில் ஒரு மீட்டர். இழுக்கிற காற்று இருபத்தேழு, வருகிற காற்று பதினேழு. வித்தியாசம் எட்டிலிருந்து பதினொன்றுக்குள் இருந்தால் மெஷின் நன்றாக இருக்கிறது, உங்கள் மெஷினுக்கு ஒரு குறையும் இல்லை என்றாள். என் அறையில் வைத்தாள், முப்பத்தொன்பதரை. என் சார்ட்டை எட்டிப் பார்த்தாள். நூற்று மூன்று ஃபாரன்ஹீட் என்றால் அதேதான், சரியாத்தாம்மா எழுதியிருக்கீங்க என்றாள். சீலிங் மூடியைத் திறந்து மேலே ஏறினாள். அப்புறம் மேலேயிருந்து, அம்மா இங்க டக்ட் கழண்டிருக்கு, உங்க ரூமுக்குக் காத்து வர்ற குழாய் என்றாள். நான் கீழே நின்று அண்ணாந்து, தானா கழண்டிருக்கா, யாராவது கழட்டியிருக்காங்களா என்று கேட்டேன். டார்ச் அடிக்கிற நேரம் பொறுத்தேன். கழட்டியிருக்காங்கம்மா, குழாயைக் கட்டியிருந்த பட்டையைக் கத்தரியால வெட்டியிருக்கு என்றாள்.

படம் எடுத்துக்கொண்டு இறங்கி வந்து காட்டினாள். எந்த டக்ட் எந்த அறைக்கு என்று வீடு கட்டியபோதே அப்பா தடித்த பேனாவால் எழுதி வைத்திருந்தாரே, பின் ரூம் என்று அவர் கையெழுத்து இருக்கிற டக்ட் என் அறைக்கு வரவில்லை. அதை இழுத்து நீட்டி சினிமா ரூமுக்குக் கட்டியிருந்தார்கள். என் சீலிங்குக்கு மேலே வெறும் ஓட்டை. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே வெயிலில் காய்கிற காற்று முழுக்க அந்த ஓட்டைக்குப் பக்கத்தில். சினிமா ரூம் கதவைச் சாத்திவிட்டால் அங்கே போகிற குளிர்காற்று கூடத்துக்குத் திரும்பி வராது, கண்ணாடி இடுக்கு வழியே தெருவுக்குப் போகும். மெஷினோ இழுத்துக்கொண்டே இருக்கும், வீட்டுக்குள் காற்றுக் குறையும், அந்தக் குறையை இட்டுநிரப்ப கூரைக்கு அடியில் இருக்கிற சூடு அந்த ஓட்டை வழியாக என் கட்டில் மேல் இறங்கும். அதனால்தான் ஓடும்போது சூடு, நின்றால் இல்லை. நான் இரண்டு மாதமாகச் சொன்னதில் ஓர் எழுத்துத் தப்பில்லை. அரை மணி நேர வேலைதாம்மா, இப்பவே மாட்டிடறேன் என்றாள். வேண்டாம், திங்கட்கிழமை வா என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிங்க வர்றாங்க, அவங்க பார்க்கட்டும் என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது, ஏணியைத் தூக்கிக்கொண்டு, நான் இன்னும் வரவே இல்லைம்மா என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த இரண்டு நாளும் நான் அதே சூட்டில்தான் இருந்தேன், ஆனால் சூடே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தார். சாதுவான மனுஷர், கையில் ஃபைல். கூடத்தில் உட்காரலாம் என்றார் சித்தப்பா. நோயாளியை அவள் கட்டிலில் வைத்துப் பார்ப்பதுதானே டாக்டர் முறை, நான் வார்டில் வேலை பார்த்தவள் என்றேன், டாக்டரும் சரிதான் என்றார். என் அறையில் டாக்டருக்கு நாற்காலி, சித்தப்பாவுக்கும் சித்திக்கும் கிரில்லுக்கு நேர் கீழே பெஞ்சு. வெளிச்சத்தம் வேண்டாம் என்று ஜன்னலையும் சினிமா ரூம் கதவையும் நானே சாத்தினேன். டாக்டர் சௌகரியமாக இருக்கட்டும் என்று சித்தி ஓடிப்போய் தெர்மோஸ்டாட்டைப் பதினெட்டுக்குக் குறைத்துவிட்டு வந்தாள், அந்தப் புண்ணியமும் அவளுக்கே. டாக்டர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். இன்றைக்கு என்ன கிழமை, என்ன தேதி, நாம் எந்தத் தெருவில் இருக்கிறோம். நான் ஒவ்வொன்றுக்கும் நிதானமாக, ரொம்ப நிதானமாகப் பதில் சொன்னேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று போனேன். அறுபத்தைந்தில் போதும் என்றார். இருக்கட்டும் டாக்டர், முழுக்கச் சொல்கிறேன் என்று இரண்டு வரைக்கும் போனேன், அதற்குக் கீழே இருந்திருந்தால் அதற்கும் போயிருப்பேன். அதற்குள் டாக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சித்தியின் முகப்பவுடர் கரைந்து கோடு கோடாக இறங்கியது. சித்தப்பா சட்டையின் முதுகு ஒட்டிக்கொண்டுவிட்டது, எழுந்திருக்கப் பார்த்தார், உட்காருங்க தம்பி, என்னைப் பத்தித்தானே பேசறோம், நீங்க இல்லாமலா என்றேன். இருபது நிமிஷம் ஆனதும் டாக்டரே கேட்டுவிட்டார், ஏம்மா இந்த அறை இவ்வளவு சூடா இருக்கு, ஏசி ஓடலையா என்று. ஓடுது டாக்டர், ஏசி ஓடினா இந்த அறை சூடாகுதுன்னு நான் சொல்றேன், அப்படிச் சொல்றதுக்காகத்தான் என்னைப் பரிசோதிக்க நீங்க வந்திருக்கீங்க என்றேன்.

டாக்டர் நாற்காலி மேல் ஏறிக் கிரில்லில் கையை வைத்தார், சுட்டதைப் போல இழுத்துக்கொண்டார். நான் தெர்மாமீட்டரை எடுத்துச் சித்தப்பாவின் கையில் கொடுத்தேன், நீங்களே பார்த்துச் சொல்லுங்க தம்பி என்றேன். அவர் வாங்கவில்லை. அப்போது ஒன்று சொன்னார் பார், அதற்காகத்தான் நான் இரண்டு நாள் வெந்தேன். அந்த டக்ட் தானா கழண்டிருக்கும் அண்ணி, பழசு இல்லையா, நாளைக்கே மாட்டச் சொல்லிடறேன் என்றார். நான் அவரையே பார்த்தேன். எந்த டக்ட் தம்பி என்று கேட்டேன். நான் சூடு என்றுதானே சொன்னேன், டக்ட் என்ற வார்த்தையை இந்த வீட்டில் இரண்டு மாதமாக ஒருத்தரும் சொல்லவில்லையே, கழண்டிருக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். சித்தி சட்டென்று, நான் அப்பவே சொன்னேன்ல அக்காவைக் கேட்டுட்டுச் செய்யுங்கன்னு, பின் ரூம்ல ஒரே ஆளு, ஃபேன் போதும்னு நீங்கதானே சொன்னீங்க என்று அவர் மேல் பாய்ந்தாள். நான் படத்தை எடுத்து டாக்டரின் ஃபைல் மேல் வைத்தேன். வெட்டிய பட்டை, அப்பாவின் கையெழுத்து. டாக்டர் இரண்டையும் பார்த்துவிட்டு எழுதினார். நினைவாற்றலில் குறையில்லை, கவனிப்புத் திறன் மிக நன்று, பராமரிப்பு இல்லம் தேவையில்லை. படித்துக் காட்டுங்கள் டாக்டர், எனக்குக் கண் சரியில்லை என்றேன். என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று கண் ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள், உன் சித்தப்பாவின் காதில் விழட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

யோசித்துப் பார்த்தால் என்னை இல்லத்துக்கு அனுப்புவது முதலில் அவர் திட்டமாக இருந்திருக்காது. முதலில் ஒரு சின்னத் திருட்டு. நான் சூடு என்று சொன்னதும் ஒத்துக்கொள்ள வெட்கம். வெட்கத்தை மூடப் பொய், பொய்யை மூட என் மரை. கடைசியில் டக்டைத் திருப்பி மாட்டுவதைவிட என்னைக் கழற்றி வெளியே வைப்பது அவருக்குச் சுலபமாகப் போய்விட்டது. புரிகிறது, ஆனால் மன்னிக்க மனசில்லை, மனசு வரும்வரை காத்திருக்கவும் போவதில்லை. திங்கட்கிழமை பெண் மெக்கானிக் வந்து பின் ரூம் டக்டை என் அறைக்கு மாட்டினாள், சினிமா ரூம் வழியைத் தகடு வைத்து அடைத்தாள். சாயங்கால வெயில் முழுக்க அந்தக் கண்ணாடி மேல்தான். சின்னதாக ஒரு டக்ட் மட்டும் கொடுங்களேன் அண்ணி என்று சித்தப்பா வந்து நின்றார், ரெண்டே பேர்தானே தம்பி, ஃபேன் போதும் என்றேன். தெர்மோஸ்டாட்டுக்குப் பூட்டுப் போட்ட பெட்டி, சாவி என் இடுப்பில். இந்த மாதக் கடைசிக்குள் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன், பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தொப்பிக்காரரையும் விடவில்லை, அவரைக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டினேன், சார் சொன்னார், அம்மாவுக்குத் தெரியும்னு சொன்னார், அதான் கழட்டினேன் என்றார். அதையே எழுதி வாங்கிக்கொண்டேன், எழுதும்போதுதான் தொப்பியை எடுத்தார், தலையில் ஒரு முடி இல்லை. டாக்டர் எழுதியதையும் அதையும் நூற்று மூன்று காட்டுகிற படத்தையும் குடும்பக் குழுவில் போட்டேன். பழைய படத்துக்குக் கீழே இருந்த மஞ்சள் முகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. எல்லோரும் போன் செய்தார்கள். ஒருத்தர் போனையும் நான் எடுக்கவில்லை, உன்னுடையதையும்.

இப்போது உன் கணக்கு. உன் படிவத்தின் நகலை நான் தினம் ஒரு தடவை படிக்கிறேன். எவ்வளவு காலமாக மறதியும் குழப்பமும் இருக்கிறது என்ற இடத்தில் இரண்டு வருடமாக என்று எழுதியிருக்கிறாய். எப்படித் தெரியும் என்ற இடத்தில் நேரில் கவனித்ததில் என்று எழுதியிருக்கிறாய். நீ கடைசியாக இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது வாலு. வந்தும் நாலு நாள்தான் இருந்தாய், அதில் இரண்டு நாள் கடைக்குப் போனாய். சித்தப்பா எழுதச் சொன்னதை எழுதினேன், உனக்காகத்தானேம்மா, உன்னைப் பத்திரமா பார்த்துப்பாங்கன்னுதானேம்மா என்று நீ அழுவாய் என்று எனக்குத் தெரியும். அழு. சித்தப்பா என் தலைக்கு மேலிருந்து டக்டை எடுத்தது எனக்கு ஆத்திரம், நீ அந்த வரியை எழுதியது எனக்கு அதைவிடப் பெரிய ஆத்திரம், அதை அடக்கிக்கொள்ள நான் முயற்சிகூடச் செய்யவில்லை. ஏணியோடு வந்த முன்பின் தெரியாத பெண் கேட்ட கேள்வியை, எப்போம்மா சூடாகுது என்ற அந்த ஒரு கேள்வியை நீ கேட்டிருந்தால் போதும். உன் வீட்டிலும் சென்ட்ரல் ஏசிதான். நாளைக்கே பேத்தி தன் அறை சூடாக இருக்கிறது என்று சொன்னால் கூடத்தில் நின்று கையைத் தூக்கிப் பார்க்காதே, அவள் அறைக்குப் போ, பதினைந்து நிமிஷம் உட்கார், மாதம் ஒரு தடவை ஃபில்டரைக் கழுவு. மீட்டரில் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் குழந்தை சொல்வதை நம்பு.

எனக்கு டாக்டர் வைத்த பரீட்சையில் நான் தேறிவிட்டேன். இப்போது உனக்கு நான் ஒன்று வைக்கிறேன். காலையில் நான் சாப்பிடுகிற மாத்திரை எத்தனை. என் அறை ஜன்னலைத் திறந்தால் எதிரே என்ன தெரியும். அப்பா எந்தக் கிழமையில் போனார். நான் வேலையை விட்ட வருஷம் எது. எனக்கு எந்தக் காது சரியாகக் கேட்காது. யாரையும் கேட்காமல், போனைப் பார்க்காமல் எழுது. தபாலில் அனுப்பாதே, டிக்கெட் எடுத்து நீயே கொண்டு வா, என் எதிரே உட்கார்ந்து சொல். எத்தனை தப்பானாலும் சோறு போட்டுத்தான் அனுப்புவேன், ஆனால் ஒவ்வொரு தப்புக்கும் ஒரு நாள் கூடுதலாகத் தங்க வேண்டும், நீ ஒரு மாதம் தங்குவாய் என்றுதான் நினைக்கிறேன். பேத்திக்கு என் முத்தம். மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், கோபத்தில் இருந்தாலும் அதைத்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். பரீட்சையை மறந்துவிடாதே, மறந்தால் படிவம் நிரப்ப இங்கேயும் ஆள் இருக்கிறது. நீ நிரப்பிய அந்தப் படிவத்தில் உண்மை என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது, உறவுமுறை என்ற இடத்தில் மகள் என்று எழுதியிருக்கிறாய். அதையும் நேரில் வந்து நிரூபித்துவிட்டுப் போ.

நல்ல சுயநினைவோடும், பிறர் தூண்டுதல் எதுவும் இல்லாமலும், என் முழுச் சம்மதத்தின் பேரில் எழுதிக் கையெழுத்திட்டது,

உன் அம்மா